ஜி.டி. நாயுடுவுக்கு எத்தனை மார்க்?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் எங்க டீம் அஞ்சு பேரும் வரிசையா நின்னோம். ஹார்டுவேர் பண்ணினவனைக் கேட்டாங்க, சர்க்யூட்டைக் காட்டினான். ஆப் எழுதினவளைக் கேட்டாங்க, கோடைத் திறந்து காட்டினா. டெஸ்டிங், டாக்குமென்டேஷன் ரெண்டு பேருக்கும் காட்ட ஏதோ இருந்துச்சு. கடைசியா என் முறை. நான்தான் அந்த டீமுக்கு 'பிராடக்ட் மேனேஜர்'. பேர் வைக்கும்போது ஜாலியா இருந்துச்சு. நீ என்ன பண்ணினேன்னு கேட்டப்போ காட்ட ஒண்ணுமே இல்ல.

ப்ராஜெக்ட் என்னன்னா, கிணத்து மோட்டாரை போன்ல இருந்தே ஓட்டுற கருவியும் அதுக்கு ஒரு ஆப்பும். எங்க ஊர் சின்னசேலம் பக்கம். கல்வராயன் மலை தூரத்துல நீலமா தெரியும், கிட்ட பார்த்தா மக்காச்சோளம், மரவள்ளி, பருத்தி. பெரியப்பா தோட்டத்து மோட்டாரில்தான் கருவியை மாட்டினோம். ஆப்ல மொத்தம் 11 வசதி. மண் ஈரம், வானிலை, கரன்ட் அளவு, மாத அறிக்கை, இன்னும் என்னென்னவோ. சொன்ன தேதிக்கு முடிச்சோம். அதையெல்லாம் பெருமையா அடுக்கினேன். ரிவ்யூவுக்கு வந்தவர் பொறுமையா கேட்டுட்டு, இதுல எத்தனையை அந்த விவசாயி உபயோகிக்கிறார்னு கேட்டார். உண்மையைச் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு. மோட்டாரைப் போடுறது, நிறுத்துறது.

மார்க் குறைஞ்சுது. எனக்கு மட்டும் இல்ல, டீமுக்கே. டீம்ல ரெண்டு பேர் என்கிட்ட பேசுறதையே நிறுத்திட்டாங்க.

லீவுக்கு ஊருக்குப் போனப்போ அந்தக் கிணத்து மேட்டுல உட்கார்ந்திருந்தேன். மோட்டார்ல ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தேன். கோயம்புத்தூர். பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் கோயம்புத்தூர்தான். வீட்டுல இருக்கிற மாவு கிரைண்டரும் அங்கேயிருந்து வந்ததுதான். ஏன் எல்லாமே அந்த ஊர்ல இருந்து வருதுன்னு தேட ஆரம்பிச்சு, நாம எல்லாரும் ஸ்கூல்ல ஒரு பாராவில் படிச்சு மறந்த ஒரு மனுஷர்கிட்ட போய் நின்னேன். கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி.டி. நாயுடு.

அவரை விஞ்ஞானின்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. இந்தியாவின் எடிசன்னு பட்டமும் உண்டு. எனக்கு அந்தப் பட்டத்துல பெரிய ஈர்ப்பு இல்ல. எதைச் செய்யணும், யாருக்குச் செய்யணும், என்ன விலைக்குக் கொடுக்கணும்னு வாழ்க்கை முழுக்க முடிவெடுத்துக்கிட்டே இருந்த மனுஷர் அவர். இன்னிக்கு நாம பிராடக்ட் மேனேஜ்மென்ட்னு சொல்ற வேலை அதுதான். அப்படிப் பார்த்தா அவருக்கு எத்தனை மார்க் போடலாம்? இந்தக் கேள்வியோடதான் அவர் கதையைப் படிச்சேன்.

நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23 அன்று, கோவை சூலூர் அருகே கலங்கல் கிராமத்தில். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை, தொடக்க வகுப்புகளோடு முடிந்துவிட்டது. டிகிரி கிடையாது, டிப்ளமோ கிடையாது. நம்ம பிளேஸ்மென்ட் செல்லுக்கு ரெஸ்யூமே அனுப்பியிருந்தா முதல் வடிகட்டலிலேயே போயிருக்கும்.

ஒருநாள் அந்தப் பக்கம் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறார். ரட்ஜ் என்ற கம்பெனியின் வண்டி. மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் ஒன்றை முதன்முதலாகப் பார்த்த பையனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடவில்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். காசு சேர்த்தார். 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த வண்டியை வாங்கினார். வாங்கி ஊரைச் சுற்றவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் போட்டு, திரும்பப் பூட்டினார். அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

இந்தக் கதையை எல்லாரும் ஆர்வத்துக்கு உதாரணமாச் சொல்வாங்க. எனக்கு வேற ஒண்ணு படுது. ஓட்டல்ல பரிமாறுற வேலை செஞ்சவருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் என்ன கேட்கிறார், எதைத் தொடாம வெச்சுட்டுப் போறார்னு பார்க்கிற பழக்கம் வந்திருக்காதா? இது என் ஊகம்தான். ஆனா எங்க 11 வசதியில் 10 வசதி இலையில தொடாம கிடந்த கூட்டு மாதிரி இருந்துச்சுங்கிறது ஊகம் இல்ல.

அடுத்து பருத்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கி நல்ல பணம் பார்த்தார். அந்தத் தெம்பில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரம் செய்தார். அங்கே கை சுட்டுக்கொண்டு கிட்டத்தட்ட வெறுங்கையோடு திரும்பினார். திருப்பூரில் அவருக்குக் கண்ணுக்கு எதிரே தெரிந்த சந்தை, பம்பாயில் தெரியவில்லை. அவர் வாழ்க்கையில் பின்னால் வரும் தோல்விகளையும் வெற்றிகளையும் பார்த்தால், இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப வருகிறது.

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். அவர் உதவியோடு நாயுடு ஒரு பஸ் வாங்கினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டத் தொடங்கினார். முதலாளியும் அவர்தான், டிரைவரும் அவர்தான்.

இங்கே கொஞ்சம் நின்னு பார்க்கலாம். ஏன் பொள்ளாச்சி–பழனி? பழனி முருகன் கோயில் ஊர். வருஷம் முழுக்க ஜனம் போய்க்கொண்டே இருக்கும். பொள்ளாச்சி சந்தை ஊர். ஒரு பக்கம் பக்தி, மறுபக்கம் வியாபாரம். பஸ் காலியாகப் போகாது. தானே ஸ்டியரிங்கைப் பிடித்ததால் எந்த இடத்தில் ஆள் நிற்கிறது, எந்த நேரத்துக்கு நிற்கிறது, எங்கே என்ஜின் திணறுகிறது என்று எல்லாமே அவருக்கு நேரடியாகத் தெரிந்தது. யாரும் ரிப்போர்ட் எழுதித் தர வேண்டியதில்லை.

அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே நாட்டில் மிகத் திறமையாக நடக்கும் பஸ் நிறுவனம் என்று பெயர் வாங்கியது. நேரம் தவறாமை அவர் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது. பஸ்ஸில் ஏறுகிறவருக்கு என்ஜின் எத்தனை குதிரைச் சக்தி என்பது முக்கியமில்லை. சொன்ன நேரத்துக்கு வருமா, போய்ச் சேருமா, அவ்வளவுதான். அதைத்தான் நாயுடு அளந்தார். சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் சேலம் வண்டிக்காக நின்று பழகியவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு சம்பவம் நடந்தது. பிராடக்ட் மேனேஜ்மென்ட் என்ற வேலை எங்கே பிறந்ததுன்னு தேடினா எல்லாரும் அங்கேதான் கையைக் காட்டுறாங்க. 1931 மே மாதம். அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் காமே சோப்பு விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு பெரிய அண்ணன் மாதிரி எல்லா கவனத்தையும் பிடுங்கிக்கொண்டது. கடுப்பான மனுஷர் மேலிடத்துக்கு மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே பொறுப்பான ஒருவரும் ஒரு டீமும் வேண்டும் என்பதுதான் சாரம்.

அந்தக் குறிப்பில் எனக்குப் பிடிச்சது, அந்த ஆள் என்ன வேலை செய்யணும்னு அவர் பிரித்துச் சொன்ன விதம். பொருள் நன்றாக விற்கும் ஊர்களில் எது வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து அதை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். விற்காத ஊருக்கு நேரில் போய், கடைக்காரரையும் வாங்குகிறவர்களையும் பார்த்து, கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். பிறகு திட்டம் போட வேண்டும். திட்டம் போட்டதோடு விட்டுவிடக் கூடாது. எதிர்பார்த்த பலன் வந்ததா என்று திரும்பவும் களத்துக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் டீமின் மதிப்பெண் அட்டை. 'ரிலீஸ்' பண்ணினதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்ச எங்க டீம் அதைத்தான் செய்யல. (மெக்எல்ராய் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் 1958இல் தொடங்கிய ஆர்பா அமைப்பிலிருந்துதான் பிற்பாடு இன்டர்நெட்டின் முன்னோடி வந்தது. சோப்பிலிருந்து இன்டர்நெட் வரைக்கும்!)

மெக்எல்ராய் அதை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது, காரணம் அது பெரிய கம்பெனி. பொருளைச் செய்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் ஏகப்பட்ட மாடி. பொள்ளாச்சி–பழனி பஸ்ஸில் அந்த மாடிகள் இல்லை.

இப்போ எங்க கிணத்து மோட்டாருக்கு வருவோம். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது. கோவைக்கு மின்சாரம் தாராளமாக வந்தது. பஞ்சாலைகள் மளமளவென்று எழுந்தன. மின்சாரம் வந்துவிட்டது, அதில் ஓட வேண்டிய மோட்டார் மட்டும் கப்பலில் வர வேண்டும். பழுதானால் பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். கண்ணுக்கு எதிரே தெரிகிற தேவை இது.

பீளமேட்டில் நாயுடு தொடங்கிய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1937இல் ஒரு மின் மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் அது என்கிறார்கள். இதில் ஒரு முக்கியமான விஷயம், அந்த மோட்டாரை உருவாக்கிய வேலையில் முதன்மையாக நின்றவர் நாயுடு இல்லை, டி. பாலசுந்தரம் நாயுடு. அவர் பிற்பாடு தனியாகப் போய் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இதைப் படிச்சப்போ எனக்குச் சட்டுனு ஒரு வெளிச்சம். மோட்டாரைச் செய்தவர் ஒருத்தர். இடம், பணம், எதைச் செய்யலாம் என்ற முடிவு, தைரியம் கொடுத்தவர் இன்னொருத்தர். அப்போ நாயுடு என்ன பண்ணினார்னு அன்றைக்கு ஒரு ரிவ்யூ கமிட்டி கேட்டிருந்தா, அவராலும் ஒரு சர்க்யூட்டையோ ஒரு கோடையோ காட்டியிருக்க முடியாது. ஆனால் அந்த மோட்டாருக்குப் பிறகு கோவை என்ன ஆனது என்று காட்டலாம். பட்டறைக்குப் பட்டறை கைமாறி, வேலை கற்றவர்கள் வெளியே போய்த் தனியாகத் தொடங்கி, இன்றைக்கு நாட்டில் ஓடும் மோட்டார் பம்புகளில் பெரும்பங்கு அந்த ஊரிலிருந்து போகிறது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். முதல் ஆளும் முதல் கம்பெனியும் போன பிறகும் வேலை நிற்கவில்லை. எங்க பெரியப்பா கிணற்றடி வரை வந்து சேர்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் நாயுடுவுக்கு இதில் முழு மார்க்.

ஆனால் இதே மனுஷருக்கு எல்லாவற்றிலும் முழு மார்க் போட முடியாது. அதையும் சொல்லியாகணும்.

அவர் செய்த பொருள்களின் பட்டியல் நீளம். மிக மெல்லிய சவர பிளேடு. பழச்சாறு பிழியும் கருவி. கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி. மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம். ட்ரை செல் பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் வைத்த 'ரேசன்ட்' சவரக் கருவி. இது ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் தயாரானது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். ரேடியோ வசதியான வீடுகளில் மட்டும் இருந்த காலம் அது.

இந்தப் பட்டியலைப் பார்த்து நாம பிரமிக்கிறோம். அந்தப் பிரமிப்புல ஒரு ஆபத்து இருக்கு. எங்க 11 வசதி மாதிரிதான் இதுவும். எத்தனை செய்தார் என்பது ஒரு கணக்கு. அதில் எத்தனை ஜனங்கள் கைக்குப் போனது என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கில் பட்டியல் சடசடவென்று சுருங்கிவிடுகிறது. 70 ரூபாய் ரேடியோ வீட்டுக்கு வீடு பாடவில்லை. மண்ணெண்ணெய் விசிறி நம் தாத்தா பாட்டி நினைவில் இல்லை.

விசிறி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. மின்சாரம் எட்டாத கிராமத்தில் புழுக்கம் இல்லாமலா இருந்தது? மண்ணெண்ணெய் எல்லா வீட்டிலும் இருந்தது. இருக்கிற பொருளை வைத்து இல்லாத வசதியைக் கொடுப்பது அருமையான யோசனை. ரேசன்ட் கருவியில் பேட்டரி வைத்ததும் அதே மாதிரி யோசனைதான், சுவரில் பிளக் இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பயன்படுத்துகிறவரின் நிலைமையை இவ்வளவு சரியாகப் பிடித்தவர், அந்தப் பொருளை அவர் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை பஸ்ஸுக்குச் செய்த அளவுக்கு மற்றவற்றுக்குச் செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை முடித்ததும் மனசு அடுத்ததுக்குத் தாவியிருக்க வேண்டும். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்த ஆள். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளியில் புது ரகங்களைக் காட்டிய ஆள். சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவர் தோட்டத்துக்கு வந்து பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு பக்கம் ஓடிய மனசு ஒரு விசிறியோடு பத்து வருஷம் உட்கார்ந்திருக்குமா?

ஓட்டு இயந்திரக் கதை இன்னும் விசித்திரம். 1936 மாகாணத் தேர்தலில் நின்று நாயுடு தோற்றுப்போனார். ஓட்டை எண்ணும் இயந்திரம் செய்யத் தெரிந்தவருக்கு ஓட்டு வாங்கத் தெரியவில்லை! மின்னணு ஓட்டு இயந்திரம் இந்தியாவில் முதன்முதலாகப் பயன்பட்டது 1982இல், கேரளத்தின் பரவூர் தொகுதியில். அப்போது அவர் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கு என்ன மார்க் போடுவது? தேவையைச் சரியாகக் கண்டார், அவருடைய இயந்திரம் போய்ச் சேரவில்லை. நான் பாதி மார்க் போடுவேன். உங்க கணக்கு வேறயா இருக்கலாம்.

காரின் கதையில் மார்க் போடுவது இன்னும் கஷ்டம். 1952இல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை நாயுடு வெளிக்கொண்டு வந்தார். விலை 2,000 ரூபாய். ஆனால் அது பெரிய அளவில் தயாரிப்புக்குப் போகவில்லை. அரசு லைசென்ஸ் தர மறுத்துவிட்டது. எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதற்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தில்லியின் அனுமதி வேண்டியிருந்த காலம். அத்தோடு தயாரிப்பு நின்றது.

இது யார் தோல்வி? காரைச் செய்த டீமின் தோல்வி என்று எழுதினால் அநியாயம். அவர்கள் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டார்கள். அதே சமயம், லைசென்ஸ் மட்டும் கிடைத்திருந்தால் வீதியெல்லாம் நாயுடு கார்தான் ஓடியிருக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. டாடா நானோவைப் பாருங்க. 2008இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. லைசென்ஸ் பிரச்சினை கிடையாது, பணத்துக்குப் பஞ்சம் கிடையாது, பின்னால் டாடா என்ற பெயர். பத்தே ஆண்டில் தயாரிப்பு நின்றது. மலிவு விலை ஒன்றே ஒரு பொருளை ஓட வைக்காது. நாயுடு காருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை ரோட்டில் ஓடவிட்டுப் பார்த்திருந்தால்தான் தெரியும். ஓடவிடவில்லை. தேர்வே எழுத விடாதவருக்கு ஃபெயில் போடவும் கூடாது, சென்டம் போடவும் கூடாது.

டீமின் கையில் இருந்தது எது, கையை மீறினது எதுன்னு பிரிக்காம மார்க் போடுறது நம்ம காலேஜுல மட்டும் இல்ல, எல்லா இடத்துலயும் நடக்குது. அதே நேரம், கையை மீறினதுன்னு சொல்லித் தப்பிக்கிறதும் நடக்குது. எங்க ரிவ்யூ அன்னிக்கு நான் செஞ்சது ரெண்டாவது. விவசாயிகளுக்கு ஆப் பழக்கம் இல்லன்னு பெரியப்பா தலையில பழியைப் போட்டேன். வீடியோ, வாட்ஸ்அப் எல்லாம் சரளமா பார்க்கிற மனுஷர் அவர்!

1944இல் நாயுடு தன் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்புகளிலிருந்து விலகினார். தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் பணம் ஒதுக்கினார். அப்புறம் வருவது நாம் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டிய பகுதி. அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் பாலிடெக்னிக்கும் 1945இல் பொறியியல் கல்லூரியும் வந்தன. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை வைத்தார்கள். அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. மூன்றாவது தாண்டுவதற்குள் பள்ளியை விட்டவர் என்று சொல்லப்படும் மனுஷர் அதன் முதல்வராகவும் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி, நாலு வருஷப் படிப்பு எதற்கு என்பதுதான். இரண்டு வருஷம் தாராளமாகப் போதும், மீதி மாணவர்களின் நேரத்தை வீணாக்குவது என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டார்.

இப்போ நாலாவது வருஷத்துல உட்கார்ந்து இதை டைப் பண்ற எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் படிப்பையும் ஒரு பொருளாகத்தான் பார்த்தார். உள்ளே எத்தனை வருஷம் போட்டோம் என்று அவர் பார்க்கவில்லை, வெளியே வருகிறவனுக்கு என்ன செய்யத் தெரிகிறது என்று பார்த்தார். இரண்டு வருஷம் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மேத்ஸும் சர்க்யூட் தியரியும் அவ்வளவு சீக்கிரம் மண்டையில ஏறாது. ஆனா அளக்க வேண்டிய இடத்தை அவர் சரியாத்தான் பிடிச்சார்.

வயதான பிறகும் மனுஷர் ஓயவில்லை. 1967இல் ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து முடிவு வரை சுமார் பதினோரு மணி நேரத்தில் கட்டிக் காட்டினார். அதே ஆண்டு அவர் பெயரில் தொழிற்கண்காட்சியும் கோவையில் அமைந்தது. 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது. அந்தச் சாலையில் போன வருஷங்களில் கட்டிய நீளமான மேம்பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

லீவு முடியறதுக்குள்ள மூணு ராத்திரி பெரியப்பா தோட்டத்துல படுத்தேன். மும்முனை கரன்ட் எப்போ வரும்னு அவருக்கே நிச்சயமா தெரியாது. வந்தா நடு ராத்திரியிலயும் எழுந்து டார்ச்சோட வரப்புல நடப்பார். பாம்பு பயம். கிணத்துல தண்ணி வத்தினது தெரியாம மோட்டார் ஓடி காயில் எரிஞ்சா சில ஆயிரம் போகும், ஒரு வாரம் பயிர் காயும். இந்த ரெண்டு பயம்தான் அவருக்கு. எங்க 11 வசதியில இந்த ரெண்டுக்கும் நேரடியா ஒண்ணுமே இல்ல.

திரும்பி வந்து டீம்கிட்ட சொன்னேன். பேசாம இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தி, பேசாமலேயே லேப்டாப்பைத் திறந்து ஒன்பது வசதியை அழிச்சா. இப்போ கரன்ட் வந்தா பெரியப்பா போனுக்கு ஒரு கால் போகும். அவர் ஒரு பட்டனை அமுக்கினா மோட்டார் ஓடும். தண்ணி இறங்கினா தானா நிக்கும். ஆப்பே வேண்டாம், பட்டன் போன் போதும்.

போன செமஸ்டர் மார்க் மாறாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. ஒருத்தர் காசு கொடுத்தே வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். என்ன விலை சொல்றதுன்னு டீம் இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கு.